கருநீல வண்டிக்கு மெருகு

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்ன அன்று, வீடு திரும்பும் வழியெல்லாம் பூங்குழலி தன் உடம்பைப் பற்றி நினைக்கவில்லை. உட்கார்ந்திருந்த வண்டியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அவிநாசி தாண்டியதும், முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் அங்கமுத்துவிடம், "ஏனுங்க, இனி வண்டியக் கொண்டு போயிக் குடுத்தறலாமுங்க" என்றாள்.

அங்கமுத்துவும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தான் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று உடனே சொன்னான். கொஞ்ச தூரம் போன பிறகு, இந்தக் கோலத்தில் எப்படிக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்துவது என்று அவனே கேட்டான்.

வண்டி தங்கதுரையுடையது. அவர் சாத்தான்குளம் பக்கத்து ஆள். வாலிபத்தில் ஒரு துணிப்பையோடு திருப்பூருக்கு வந்து, டைலருக்குக் கைமடித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, இப்போது பி.என். ரோட்டுப் பக்கம் சொந்தமாகச் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார். அங்கமுத்து நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷின் நின்றுபோனால் கூப்பிட்டு அனுப்புகிற நாலைந்து யூனிட்களில் தங்கதுரையின் யூனிட்டும் ஒன்று. மற்றபடி இரண்டு பேருக்கும் பெரிய நெருக்கம் கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு டீ குடிப்பார்கள், அவ்வளவுதான்.

போன வருடம் பூங்குழலிக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது, முதல் தடவை பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். திரும்பும்போது அவளால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. வழியில் இறங்கி, ரோட்டோரப் புளிய மரத்தடியில் இருட்டும்வரை படுத்துக் கிடந்து, பிறகு யாரோ புண்ணியவானின் வேனில் வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் தங்கதுரை யூனிட்டில் மெஷின் ஊசி மாற்றிக்கொண்டிருந்தபோது, ஏன் முகம் இப்படியிருக்கிறது என்று அவர் கேட்க, அங்கமுத்து நடந்ததைச் சொன்னான். அன்று பொழுது சாயும் நேரத்தில் தங்கதுரை, அவர்கள் குடியிருக்கும் வேலம்பாளையத்துக்கு வந்து, தன் கருநீல மாருதி ஜென்னை அவர்கள் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை டிவி மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, எனக்குப் புது வண்டி வந்துட்டு. இது அங்க சும்மாதான் நிக்கி. தங்கச்சிக்குச் சரியாகுற வரைக்கும் இங்கன நிக்கட்டும்" என்றார். அங்கமுத்து பழைய வேலையில் டெம்போ ஓட்டியவன் என்பது அவருக்குத் தெரியும். டீ போடுவதற்குள் நடந்தே போய்விட்டார்.

அதன்பிறகு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அந்த வண்டி கோயமுத்தூருக்கும் வேலம்பாளையத்துக்கும் ஓடியது. மருந்து ஏற்றும் காலம் முடிந்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கும் காலம் வந்தபோது தினமுமே ஓடியது. பூங்குழலி பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்வாள். ஜன்னலுக்கு வெளியே கருமத்தம்பட்டி வருவதும் நீலாம்பூர் வருவதும் மின்கம்பங்களின் உச்சியை வைத்தே அவளுக்குத் தெரிந்தது. நன்றி என்று வாயைத் திறந்தாலே தங்கதுரை மெஷின் கதைக்குப் போய்விடுவார். ஒருமுறை அங்கமுத்து அவர் யூனிட்டில் கூலி வாங்காமல் வேலை செய்து பார்த்தான். அவர் அடுத்த முறை வேறு ஃபிட்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு சொம்புல மோரு வாங்கினாலே வெறும் சொம்பாத் திருப்பிக் குடுக்க மாட்டமுங்க. இத்தா பெரிய வண்டிய இப்படியே கொண்டு போயி நிறுத்தறதுங்களா?" என்றாள் பூங்குழலி, வண்டிக்குள் அவன் கேட்டதற்குப் பதிலாக.

அதில்தான் ஆரம்பித்தது.

வண்டியின் கோலம் உண்மையிலேயே பார்க்கச் சகிக்கவில்லை. காலி இடத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சாயப்பட்டறை. அதன் பாய்லர் புகைபோக்கியிலிருந்து ராத்திரியெல்லாம் விழும் கரித்தூள் கூரையிலும் என்ஜின் முன்மூடியிலும் ஒட்டி, சொரசொரவென்று ஆகியிருந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் வேறு. கதவுகளின் கீழ்ப்பக்கம் கோவை ரோட்டுத் தார்ப்புள்ளிகள். கருநீலம் என்று சொன்னால்தான் தெரியும். பார்ப்பதற்குத் துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடப் பாவாடையின் நிறம்.

கார் சர்வீஸ் கம்பெனியில் கொடுத்துக் கழுவி வாங்கலாம் என்று அங்கமுத்து சொன்னான். பூங்குழலிக்கு அது பிடிக்கவில்லை. யாரோ கழுவிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது, நம் கையால் செய்வோம் என்றாள். அவள் உடம்பு தாங்குமா என்று அவனுக்குக் கவலை. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் பாரம் தூக்கக் கூடாது, ஆனால் சும்மாவும் வைத்திருக்கக் கூடாது, தினமும் வட்டமாகச் சுழற்று என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்த வட்டத்தை வண்டி மேல் போடுகிறேன் என்றாள் அவள். அதற்கு மேல் அவன் மறுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அங்கமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் கிட்டுசாமி பேச்சுப் பிரியர். ஷாம்பூ, லேசான ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா, மெழுகு பாலீஷ் ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் செய்தார். காய்ந்த தூசியைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது, கீறல் விழும். மேலிருந்து கீழே கழுவி வர வேண்டும். சக்கரத்துக்குத் தொட்ட துணியை மேலே கொண்டு வரக் கூடாது. வெயிலில் பாலீஷ் போடவே கூடாது. காம்பவுண்ட் அழுக்கையும் செத்த பெயிண்டையும் எடுக்கும், மெழுகு அதற்கு மேல் காவல் காக்கும், அடுத்த மழையும் புகையும் நேராகப் பெயிண்டைத் தொடாது. கழுவிய பிறகு கையில் ஒரு கேரி பேக்கை மாட்டிக்கொண்டு தடவிப் பார், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் அதில் தெரியும் என்றார். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அங்கமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தான்.

வரும் வழியிலேயே வேலை பார்க்கும் இன்னொரு யூனிட்டுக்குள் வண்டியை விட்டு, மெஷினில் பஞ்சு ஊதுகிற கம்ப்ரசர் காற்றை உள்ளே அடித்துத் தூசியைப் பறக்கவிட்டான். மீதியைச் சாயங்காலம் வீட்டில் பூங்குழலி பார்த்துக்கொண்டாள். நான்கு கதவையும் திறந்துவைத்து, ஷாம்பூ நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு சீட்டைத் தேய்த்தாள். நுரையைப் பனியன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பின் ஜன்னல் கண்ணாடியில் அவள் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. சீட்டின் தையல் இடுக்கில் காற்றுக்கும் போகாமல் நீள நீளமாக முடி சிக்கியிருந்தது. எல்லாம் அவளுடைய முடி. மருந்து ஏற்றிய முதல் மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஈரக்கையால் தடவித் தடவி எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை முடியை உதிர்த்துவிட்டும் நாம் இங்கே உட்கார்ந்து அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு ஆச்சரியம்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். அவள் தலையில் இப்போது புதுமுடி காதுக்கு மேல்வரை சுருட்டையாக வளர்ந்திருந்தது.

துடைக்கத் துணிக்கு ஊரில் பஞ்சமில்லை. மேலண்டைப் பக்கத்து வீட்டு மாரக்காள் கட்டிங் வேஸ்ட் பிரிக்கும் குடோனில் வேலை செய்பவள். ஒரு மூட்டை வெள்ளைத் துண்டுகளை முன்னமே கொடுத்திருந்தாள். பூங்குழலி நோய்க்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தையல் இருக்கும் துண்டு, பாலியெஸ்டர் கலந்த துண்டு, பட்டன் பட்டி ஒட்டிய துண்டு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மெத்தென்ற சுத்தப் பருத்தித் துண்டுகளை மட்டும் பொறுக்கி அடுக்கினாள். முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே பிரித்திருப்பாள். மருந்துக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. இப்போது கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பிரித்தாள்.

ஞாயிறு காலை வெயில் ஏறும் முன்பே அங்கமுத்து வேலையைத் தொடங்கிவிட்டான். போர் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி மேல் தூசியை இறக்கினான். இரண்டு பக்கெட் வைத்துக்கொண்டு, ஒன்றில் ஷாம்பூ நுரை, ஒன்றில் துணி அலசும் தண்ணீர் என்று கூரையிலிருந்து ஆரம்பித்தான். பூங்குழலி கண்ணாடிகளையும் கதவுகளையும் எடுத்துக்கொண்டாள். தார்ப்புள்ளிகளை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கரைத்து எடுத்து, அந்த இடத்தை மறுபடியும் நுரை போட்டுக் கழுவினார்கள். கருநீலம் மெல்ல வெளியே வந்தது. அலசி முடித்தபோது வண்டி ஈரத்தில் பளபளவென்று நின்றது. இரண்டு பேருக்கும் மனது நிறைந்துவிட்டது. சித்த நேரம் இட்லி தின்றுவிட்டு வந்து துடைக்கலாம் என்று உள்ளே போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது பூங்குழலிக்குத் திக்கென்றது. வெயில் வேப்பமரத்தைத் தாண்டி வந்து வண்டி மேல் விழுந்திருந்தது. ஈரம் காய்ந்து, கூரையிலும் முன்மூடியிலும் கதவிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். வண்டி முழுக்க உப்புப் பூத்திருந்தது. திருப்பூர் போர் தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததில்லை. அதில் குளித்தால் தலைமுடி விறைத்துக்கொள்ளும், அதை ஊற்றினால் செடி கருகும். ஆனால் ஒரு அரை மணி நேரத்தில் வண்டியை இப்படி ஆக்கும் என்று யார் கண்டது.

அங்கமுத்து துணியெடுத்து அழுத்தித் துடைத்தான். வட்டங்கள் அசையவில்லை. ஈரம் செய்து துடைத்தான். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தன. கிட்டுசாமி நல்ல தண்ணீர் என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் திட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அழுக்காக இருந்திருந்தாலாவது மதிப்பாக இருந்திருக்கும், நான் அடுத்தவன் வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்றான்.

பூங்குழலியின் நினைப்பு சமையலறைக்குள் போயிருந்தது. போர் தண்ணீர் பிடிக்கிற எவர்சில்வர் குடத்தில் இதே மாதிரிதான் வெள்ளையாகப் படிவம் ஏறும். எலுமிச்சம் பழம் போட்டால் இளகும். ஒரு பழத்தைப் பிழிந்து, தண்ணீர் நிறையக் கலந்து, துணியில் நனைத்து, யார் கண்ணுக்கும் படாத கதவின் அடிப்பக்கத்தில் ஒரு வட்டத்தின் மேல் ஒட்டிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். வட்டம் கரைந்திருந்தது, பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் எலுமிச்சைச் சாற்றை அப்படியே விடக்கூடாது, உடனே அலச வேண்டும். மறுபடியும் போர் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் உப்புத்தான். வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு டிரம் இருந்தது. குழாயில் அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடிக்கிற தண்ணீரை வண்டி மேல் ஊற்றுவதா? அவள் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மறுபடியும் திறந்தாள். அரைக் குடம் மட்டும் மொண்டுகொண்டு வெளியே வந்தபோது மாரக்காள் எதிரில் நின்றாள்.

"ஏங்கண்ணு, குடிக்கற தண்ணியிலயா காரு கழுவறது? உனக்கென்ன கிறுக்கா?" என்றாள்.

பூங்குழலிக்கு முகம் சுருங்கிவிட்டது. தவறு என்று தெரிந்தே செய்கிற காரியத்தில் மாட்டிக்கொண்டவள் போல, குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். இன்று பொழுதோடு வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறுமனே கொடுக்க மனசு வரவில்லை, அதற்காகத்தான் என்றாள்.

மாரக்காள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று பூங்குழலி நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் இடுப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால், லைன் வீட்டுக் கோடியில் குடியிருக்கும் சாரதாமணியும் ஒரு குடத்தோடு வந்தாள்.

"நீ கோயமுத்தூரு போன அன்னிக்கெல்லாம், பொழுது உழுந்தா எங் காது ரோட்டுலதான் இருக்கும். இந்த வண்டிச் சத்தம் கேட்டாத்தான், செரி, புள்ள வந்துட்டான்னு நாஞ் சோறு திங்கவே உக்காருவன்" என்றாள் மாரக்காள். குடத்தை இறக்கிவைத்தாள். "ஊத்து சாமி. ஒருநாளைக்குத் தண்ணி கொறஞ்சா செத்தா போயிருவோம்?"

பூங்குழலிக்கு இது தெரியாது. வந்து இறங்குகிற நேரத்தில் அவளுக்குக் கண் திறக்கவே தெம்பிருக்காது. தன்னை எதிர்பார்த்து ஒருத்தி பக்கத்து வீட்டில் சாப்பிடாமல் காத்திருந்தாள் என்பது இத்தனை நாள் தெரியாமலே போயிருக்கிறது. அவள் மாரக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரக்காள் அந்தக் கையில் ஒரு எலுமிச்சம் பழத்தை வைத்து, வேலையைப் பார் என்றாள்.

வண்டியைத் தள்ளி, வீட்டுக்கு முன்னால் இறக்கியிருந்த தகரக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் எலுமிச்சைத் தண்ணீர்த் துணியை ஒட்டி ஒட்டி எடுக்க, அங்கமுத்து பின்னாலேயே நல்ல தண்ணீரைச் சொம்பால் சிக்கனமாக விட்டு அலசி, ஈரம் காயும் முன்பே துடைத்துக்கொண்டு வந்தான். ஒரு சொட்டும் வீணாகாமல் கீழே பாத்திரம் வைத்து, வழிந்த தண்ணீரைச் சாரதாமணி சக்கரம் கழுவ எடுத்துக்கொண்டாள். உப்பு வட்டங்கள் போய்விட்டன.

பூங்குழலி கையில் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு முன்மூடியைத் தடவினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காதுக்குக் கேட்டது. மணல் மேல் காகிதத்தை இழுத்தது போல சரசரவென்று ஒரு சத்தம். பாய்லர் கரி இன்னும் போகவில்லை. காம்பவுண்டைத் துணியில் தொட்டு, ஒரு முழ அகலத்துக்கு ஒரு தடவையாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார்கள். வெள்ளைத் துணியில் சாம்பலும் நீலமுமாகச் செத்த பெயிண்ட் ஏறியது. மாற்றுத் துணியால் துடைத்துவிட்டு அவள் கேரி பேக்கால் தடவிக் காது கொடுப்பாள். சத்தம் இருந்தால் மறுபடியும் தேய்ப்பார்கள். சத்தம் இல்லாமல் கை வழுக்கிக்கொண்டு போன இடத்தில், போதும் என்று தலையாட்டுவாள். அவளுக்குக் கை வலித்தது. ஆனால் அது நோயின் வலி இல்லை, வேலை செய்த வலி. அந்த வலியை அனுபவித்து வெகுநாளாயிற்று. கொஞ்சம் உட்கார், கொஞ்சம் உட்கார் என்று அங்கமுத்து சொல்லும்போதெல்லாம் உட்கார்ந்தாள். மோர் குடித்தாள். மறுபடியும் எழுந்தாள்.

மெழுகைத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது போல மெல்லிசாகப் பூச வேண்டும் என்று முதலிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அங்கமுத்துதான் அள்ளி அப்பினான், அவனைத் தடுக்க வேண்டியிருந்தது. பூசியது காய்ந்து பனி மூடியது போல மங்கியதும், சுத்தமான துணியால் வேகமாகத் துடைத்தாள். மங்கல் விலகிய இடத்தில், கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்ப்பது போல ஆழமான நீலம் தெரிந்தது. கொட்டகைத் தகரமும் வேப்பங்கிளையும் அதற்குள் கிடந்தன. மாரக்காள் பின்கதவுக்கு எதிரே நின்று தன் கொண்டையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டாள். என் வீட்டுப் பீரோக் கண்ணாடி கூட இத்தனை தெளிவில்லை என்றாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் கிளம்பினார்கள். புழுதி படுமே என்று அங்கமுத்து எந்த லாரிக்குப் பின்னாலும் போகாமல், ஒதுங்கி ஒதுங்கி மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பூங்குழலி சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தங்கதுரையின் வீட்டு வாசலில் நின்றபோது அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். வண்டியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "வாங்க அண்ணாச்சி, வா தங்கச்சி. யாரு வண்டில வந்திய?" என்றார்.

அங்கமுத்து சிரித்துவிட்டான். உங்கள் வண்டிதான் என்று சொல்லிச் சாவியை நீட்டினான். அவர் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கூரையில் கை வைத்தார், உடனே ரேகை பட்டுவிடும் என்று பயந்தவர் போல எடுத்துக்கொண்டார். நான் வாங்கின அன்றைக்குக்கூட இது இப்படி இல்லையே என்று மெதுவாகச் சொன்னார்.

பூங்குழலி மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் பறந்துவிட்டது. "வெறுமனே குடுக்க மனசு வல்லீங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை தங்கதுரை மெஷின் கதைக்குப் போகவில்லை. அவளுடைய முகத்தையும், சுருட்டை முடியையும், காம்பவுண்ட் ஏறி நீலம் பாய்ந்திருந்த நகங்களையும் பார்த்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறேன் என்று அவள் சொன்னாள். எத்தனையோ பேர் கேட்டு எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். அன்று சொன்னபோதுதான் அது உண்மை என்று அவளுக்கே தோன்றியது.

அவர் மனைவி ஜெபமணி உள்ளே கூட்டிப்போய் காப்பியும் முறுக்கும் கொடுத்தாள். பேச்சு வாக்கில், வண்டி திரும்பி வந்தது ஒருவகையில் நல்லதாயிற்று என்று சொல்ல ஆரம்பித்தவளைத் தங்கதுரை கண்ணால் அடக்கினார். பூங்குழலி அதைக் கவனித்துவிட்டாள். என்ன என்று விடாமல் கேட்டாள். கடைசியில் அவரே சொன்னார். அவருடைய யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ராக்கையாவின் மனைவி ராமாயிக்கும் இதே நோய். போன வாரம்தான் மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. இப்போதுதான் தேறி வந்திருக்கிற உன்னிடம் ஏன் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன் என்றார்.

பூங்குழலி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். ராமாயி பஸ்ஸிலா போய் வந்தாள் என்று கேட்டாள். ஆமாம் என்றார். ராக்கையாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். அவள் அங்கமுத்துவைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"இவிய ஓட்டட்டுமுங்கண்ணா. மொதத் தடவ நானும் கூடப் போறனுங்க. எந்த எடத்துல வண்டி குலுங்கும், எங்க நிறுத்தித் தண்ணி குடிக்கோணும், எல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

தங்கதுரை எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். ஜெபமணிதான் பூங்குழலியின் தோளைத் தொட்டாள்.

அவர்கள் அன்று பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். நெரிசலில் நின்றுகொண்டேதான் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பூங்குழலி மாரக்காளிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அடுத்த முறை மருந்து ஏற்ற வேண்டிய நாளில், விடிந்து வெளிச்சம் வந்ததும் வண்டி ராக்கையாவின் வீட்டு வாசலில் போய் நின்றது. ராமாயி பூங்குழலியைவிடச் சின்னவள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையும் துண்டுமாக வெளியே வந்தவள், வண்டியைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டாள்.

"வேணாம்க்கா. எனக்கு வர்றப்ப வாந்தி வந்துரும். இம்புட்டு நல்ல வண்டி வீணாப் போயிரும். நாங்க பஸ்ஸுலயே போயிக்கிறோம்" என்றாள்.

பூங்குழலி இறங்கி வந்து அந்தச் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டாள்.

"மெழுகு பூசியிருக்குது கண்ணு. ஒண்ணும் ஆகாது. சீட்டுல பட்டாலும் நாங் கழுவிக்கறன், கழுவிப் பழக்கந்தான்" என்றாள். "செருப்பக் கால்ல மாட்டிட்டு ஏறி, காலு நீட்டிப் படுத்துக்கோ. நான் முன்னால உக்காந்துக்கறன்."

ராமாயி ஏறிப் படுத்துக்கொண்டாள். ராக்கையா அவள் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்தான். அங்கமுத்து வண்டியை எடுத்தான். முந்தின நாள்தான் முதல் கோடை மழை பெய்து ரோடெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு வேன் பக்கத்தில் வேகமாகப் போய் செம்மண் தண்ணீரை முன்மூடி மேல் வாரி அடித்தது. அங்கமுத்து பல்லைக் கடித்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, கருநீலத்தில் நிற்காமல் வழிந்து போவதைப் பூங்குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பி, ராமாயிக்கு வெயில் படாமல் ஜன்னலில் துண்டைச் செருகினாள்.